உடைவது வேறு, மக்குவது வேறு: உழுநிலத்தில் நுண்ணெகிழி

கேமரன் மலைக்குச் செல்வோர் தேயிலைச் சரிவுகளைக் கடந்து காய்கறிப் பள்ளத்தாக்குகளை எட்டியதும், மலைப்படிகளின்மேல் வெண்ணிறக் கூரைகள் அடுக்கடுக்காய் எழுந்து நிற்பதைக் காண்பர். அவை மழைக்காப்புக் கூரைகள். சட்டங்களின்மீது இழுத்துக் கட்டிய பாலித்தீன் படலத்தின்கீழ்த் தக்காளியும் குடைமிளகாயும் கீரையும் பூஞ்செடிகளும் வளர்கின்றன. தாழ்நிலத்து மிளகாய்த் தோட்டங்களில் கூரை இல்லாவிடினும், பாத்திகளின்மீது ஒருபுறம் வெள்ளி நிறமும் மறுபுறம் கறுப்பு நிறமும் கொண்ட படலம் விரிந்து கிடக்கும். செடி நிற்கும் இடத்தில் மட்டும் துளை இட்டிருப்பர். நம் நாட்டு உழவர் அதனைச் 'சில்வர்ஷைன்' என்பர். அம்முறைக்கு மலாயில் 'சுங்குப்பான்' என்றும் தமிழில் மூடாக்கு என்றும் பெயர். மூடாக்கு புதிய தொழிலன்று. வைக்கோலும் சருகும் தழையும் கொண்டு முன்னோர் செய்ததே அது. பொருள் மட்டுமே மாறியிருக்கிறது. மாறிய அப்பொருள் தன் பணி முடிந்தபின் எங்கே போகிறது, போன இடத்தில் என்ன செய்கிறது என்பனவே இவ்வுரையில் நாம் ஆராய விழையும் வினாக்கள்.

மண்ணியல் நமது துறையன்று. மொழியியலே நாம் பயின்றதும் பயிற்றியதும். ஆயினும் இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தவுடன் முதலில் குறுக்கிடுவது மொழியே. பள்ளிக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் ஒன்று உண்டு: நெகிழிப் பை மக்குவதற்கு 500 ஆண்டுகள் ஆகும் என்பது. சில கட்டுரைகளில் அது ஆயிரமாகவும் உயரும். பாலித்தீன் 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்செயலாக உருவான பொருள். இன்னும் நூறாண்டு நிறையாத ஒன்று 500 ஆண்டில் என்னவாகும் என்பதைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர். அதனினும் பெரிய குறை அவ்வாக்கியத்தின் வினைச்சொல்லில் உள்ளது. என்றேனும் ஒருநாள் நெகிழி மக்கிவிடும் என்ற உறுதியை அது மாணவர் மனத்தில் விதைத்துவிடுகிறது.

மட்குதல், மக்குதல் என இருவகையாகவும் எழுதப்பெறும் இச்சொல், உயிர்கள் ஒரு பொருளைத் தின்று செரித்து, அதனை வளியாகவும் நீராகவும் உப்பாகவும் தம் உடலாகவும் மாற்றிவிடுவதைக் குறிக்கும். மக்கியது எருவாகும், எரு பயிராகும். உடைதல் என்பது பெரியது சிறியதாவது மட்டுமே. பானை உடைந்தால் ஓடு. ஓடு உடைந்தால் சில்லு. சில்லு மக்கிற்று என்று எவரும் கூறார். மக்காமையால் அன்றோ ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பானையோடுகள் அகழ்வாய்வாளர் கைக்குக் கிடைக்கின்றன? இவ்விரு வினைகளுக்கும் நடுவே 'சிதைதல்' என்னும் சொல் நிற்கிறது. அது இரண்டையும் குறிக்கவல்லது. குழப்பம் அங்கேதான் புகுகிறது. மண்ணில் கிடக்கும் பாலித்தீன் சிதைகிறது என்பது மெய். ஆனால் அச்சிதைவு உடைதலே.

உடைந்து 5 மில்லிமீட்டருக்கும் சிறிதான துண்டுகளையே நுண்ணெகிழி என்கிறோம். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் கீழே போனவற்றை மீநுண்ணெகிழி எனப் பிரித்துரைப்பாரும் உளர். சொல் பற்றி இரு குறிப்புகளை ஆசிரியர்களின் பொருட்டு இங்கே சொல்லிவிடுகிறோம். நுண் என்பதும் நெகிழி என்பதும் சேரும்போது, தண் என்பதும் நீர் என்பதும் சேர்ந்து தண்ணீர் ஆவதுபோல, நுண்ணெகிழி என்றாகும். நுண்நெகிழி என்று பிரித்தெழுதுவது கற்போர்க்கு எளிது. எனினும் புணர்ச்சி விதியைக் கற்பிக்க இதனினும் நல்ல புதுச்சொல் கிடைப்பது அரிது. இரண்டாவது, நெகிழியா ஞெகிழியா என்ற வினா. நண்டு ஞண்டு, நமன் ஞமன் என்பனபோல ஞெகிழ் என்பதும் நெகிழ் என்பதும் ஒரு சொல்லின் இரு வடிவங்களே. ஆனால் பழைய நூல்களில் ஞெகிழி என்பது கொள்ளிக்கட்டையையும் தீக்கடைகோலையும் குறித்து வழங்கியது. சங்க இலக்கியம் பயிலும் மாணவர் மயங்காதிருக்க நாம் நெகிழி என்பதையே கொள்கிறோம்.

நுண்ணெகிழி என்னும் கருத்து முதலில் கடலைச் சார்ந்தே எழுந்தது. பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு தாம்ப்சனும் உடன் ஆய்வாளரும் 2004ஆம் ஆண்டில், காணாமற்போன கடல் நெகிழி எங்கே என்று கேட்டு எழுதிய சிறு கட்டுரை அச்சொல்லைப் பரப்பிற்று. மண்ணிலும் இதே வினாவைக் கேட்கவேண்டும் என்று பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் மத்தியாஸ் ரில்லிக் எழுதியது 2012இல். எட்டு ஆண்டு இடைவெளி. கடலாமையின் மூக்கில் சிக்கிய உறிஞ்சுகுழலைப் படமெடுக்க இயலும். மண்ணுக்குள் நடப்பதைப் படமெடுக்க இயலாது. கவனம் தாமதித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வேளாண்மையோ காத்திருக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, பயிர்த்தொழிலும் கால்நடைத் தொழிலும் ஆண்டொன்றுக்கு 1 கோடியே 25 இலட்சம் டன் நெகிழிப் பொருள்களைப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது.

வெண்புரட்சி நடந்த நிலம்

படல மூடாக்கின் விளைவுகளை ஆழமாய்க் கற்க விரும்புவோர் நோக்கவேண்டிய நிலம் சீனத்தின் வடமேற்கு மூலையிலுள்ள சிஞ்சியாங். மழை மிகக் குறைந்த, பருத்தி விளையும் வறள்நிலம் அது. 1970களின் இறுதியில் யப்பானிலிருந்து சீனத்திற்கு வந்த படல மூடாக்கு அங்கே பெருவழக்காயிற்று. அதனைத் தீமையென்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவது முறையாகாது. படலம் மண்ணின் ஈரத்தைக் காத்தது, இளவேனிற் குளிரில் விதைக்கு வெப்பம் தந்தது, களையை ஒடுக்கியது. தானிய விளைச்சல் 20 முதல் 35 விழுக்காடுவரை கூடியதாகச் சீன ஆய்வாளர் கூறுவர். தண்ணீர் இல்லாத ஊரில் அது சிறு ஆதாயமன்று. அதனை வெண்புரட்சி என்றே அழைத்தனர். பின்னாளில் வெண்மாசு என்ற சொல்லும் வழக்கிற்கு வந்தது.

ஏன் என்பதற்கு ஓர் எளிய கணக்குப் போதும். அக்காலத்துப் படலத்தின் தடிப்பு 0.008 மில்லிமீட்டர், மனிதத் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஒரு ஹெக்டேர் நிலத்தை முழுதும் போர்த்த இத்தகைய படலம் 74 கிலோகிராம் அளவே போதும். மலிவு என்பதால் உழவர் மெல்லியதை நாடினர். மெல்லியது என்பதாலேயே அறுவடைக்குப் பின் அதைச் சுருட்டி எடுக்க இயலவில்லை. பிடித்து இழுத்தால் கையோடு வருவது பாதி. கிழிந்து நிற்பது பாதி. எஞ்சியதை ஏர் புரட்டிப் புதைத்தது. மறு ஆண்டு அதன்மேல் புதிய படலம். இவ்வாறு ஆண்டுதோறும் சேர்ந்து, ஒரு ஹெக்டேரில் 50 முதல் 260 கிலோகிராம்வரை எச்சப் படலம் தங்கிய வயல்கள் அளவிடப்பட்டன. நம் கணக்கின்படி 260 கிலோகிராம் என்பது மூன்றரை ஆண்டுப் போர்வை முழுவதும் மண்ணுக்குள் கிடப்பதற்கு ஒப்பாகும். எச்சம் ஏறத்தாழ 240 கிலோகிராமைக் கடக்கும்போது விளைச்சல் குறையத் தொடங்குகிறது என்பது, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சீன அறிஞர் 2019இல் கண்ட முடிவு. விளைச்சலைக் கூட்ட வந்த பொருள் விளைச்சலைக் குறைக்கும் எல்லையைச் சில வயல்கள் தொட்டுவிட்டன. சீனம் படலத்தின் தடிப்பு 0.01 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று தரநிலையைத் திருத்தியது. 2018இல் அது நடைமுறைக்கு வந்தது.

கண்ணுக்குத் தெரியும் எச்சத்தின் கதை இது. கண்ணுக்கு எளிதில் தெரியாததை, அப்பகுதியின் சிஹேசி வட்டாரத்துப் பருத்தி வயல்களில் எண்ணிப் பார்த்து 2020இல் வெளியிட்டனர். ஐந்து ஆண்டு மூடாக்கு இட்ட வயலில் ஒரு கிலோகிராம் மண்ணில் சராசரியாக 80 நுண்ணெகிழித் துண்டுகள். 15 ஆண்டு இட்ட வயலில் 308. 24 ஆண்டு இட்ட வயலில் 1,076. காலம் ஏறத்தாழ ஐந்து மடங்கானபோது துண்டுகள் பதின்மூன்று மடங்காயின. பழைய துண்டுகள் மேலும் மேலும் உடைவதும், புதியன வந்து சேர்வதும் ஒருங்கே நிகழ்வதன் விளைவு அது என்று கொள்ளலாம்.

உடைதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் இங்கே விளக்கவேண்டும். பாலித்தீன் என்பது பல்லாயிரம் கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்த நெடுஞ்சரம். அச்சரத்தை நுண்ணுயிர் விழுங்க முடியாது. அது மிக நீளம். வெட்டி விழுங்கவும் முடியாது. கார்பனும் கார்பனும் பிணைந்த அப்பிணைப்பில் நொதிகள் கடித்துத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் இல்லை. முதல் வெட்டை வெயிலின் புறஊதாக் கதிர் வெட்டுகிறது. அங்கே ஆக்சிசன் வந்து சேர்கிறது. படலம் நெகிழ்வை இழந்து நொறுங்கத் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் வெயிலில் இது விரைந்து நிகழும். வேலியில் கட்டிய பை சில திங்களில் கைபட்டால் உதிர்வதை அனைவரும் கண்டிருப்போம். ஆனால் அத்துண்டு மண்ணுக்குள் போய்விட்டால் வெயில் இல்லை, வெப்பம் குறைவு. வெட்டுவதற்கு ஆள் இல்லாத இருட்டறையில் அது அப்படியே இருக்கும். வெயில் உடைக்கிறது, மண் காத்து வைக்கிறது. பெயரில் நெகிழ்வு இருக்க, மண்ணில் அது நெகிழாப் பொருளாய்க் கிடக்கிறது.

மண்ணின் கட்டுமானம்

மண்ணை வெறும் பொடி என எண்ணுவோர்க்கு நுண்ணெகிழியின் தீங்கு விளங்காது. ஒரு பிடி நல்ல மண்ணைக் கையில் எடுத்துப் பிட்டால் அது சிறுசிறு உருண்டைகளாய்ப் பிரியும். மணலும் வண்டலும் களியும், வேர் கசியும் பசையாலும் பூஞ்சை இழைகளாலும் ஒட்டுண்டு உருவானவை அத்திரள்கள். திரளுக்குள் நீர் தங்கும். திரள்களுக்கிடையே காற்று உலவும். வேரும் நுண்ணுயிரும் வாழ்வது அவ்விடைவெளிகளில். நெகிழித் துண்டு இக்கட்டுமானத்தில் ஒட்டாத கல். பெர்லின் குழுவினர் 2018இல் வெளியிட்ட சோதனையில், துணியிலிருந்து வரும் பாலியஸ்டர் இழைகளை மண்ணில் கலந்தபோது, நீரில் கரையாது நிற்கும் திரள்கள் குறைந்தன, மண்ணின் பருமனடர்த்தி குறைந்தது, நீர்ப்பிடிப்பு மாறியது. நெகிழி நஞ்சாக வேலை செய்யும் முன்னரே, கட்டட வேலையைக் குலைக்கும் பொருளாக வேலை செய்கிறது.

இதனினும் நம் சிந்தையைத் தொட்டது வேறொரு சோதனை. களிமண்ணில் சிறு நெகிழிப் படலத் துண்டுகளைக் கலந்து உலர விட்டவர்கள், துண்டில்லாத மண்ணைவிட அதிலிருந்து நீர் விரைவாய் ஆவியாவதையும், உலரும்போது வெடிப்புகள் மிகுவதையும் 2019இல் பதிவு செய்தனர். துண்டின் ஓரமாகவே நீராவி வெளியேறத் தடம் ஏற்பட்டுவிடுகிறது. மூடாக்காய் மேலே கிடந்தபோது ஈரத்தைக் காத்த அதே பொருள், துண்டாகி உள்ளே போனபின் ஈரத்தை வெளியேற்றுகிறது. அப்போது அவ்வுழவர்க்குப் புதிய படலம் முன்னிலும் தேவைப்படும்.

எல்லா விளைவுகளும் ஒரே திசையில் செல்வதாகக் கூறுவதும் பொய்யாகிவிடும். அக்குழுவினரே வெங்காயத் தாளை வளர்த்துப் பார்த்தபோது, பாலியஸ்டர் இழை கலந்த மண்ணில் வேர் மிகுந்து வளர்ந்தது. நைலான் மணிகள் கலந்த மண்ணில் இலையின் நைட்ரசன் கூடியது. நைலானிலேயே நைட்ரசன் உண்டு. வேர் மிகுவது பயிரின் செழிப்பா, மாறிய மண்ணில் அது படும் பாடா என்பது உடனே தீர்க்கக்கூடியதன்று. தீமை என்று அஞ்சியதில் நன்மைபோல ஒன்று தோன்றினால் அதையும் மாணவர்க்குச் சொல்லவேண்டும். அறிவியற் கட்டுரை அறிக்கைப் பலகையாகிவிடக் கூடாது.

மண்புழுவைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். சார்லஸ் டார்வின் தம் இறுதி நூலை மண்புழுவுக்கே உரியதாக்கினார். 1881இல் வெளிவந்த அந்நூலில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே கடந்து வருகிறது என்று கணக்கிட்டார். பத்தாண்டு கழிந்து, 1891இல், திருவனந்தபுரத்தில் மெய்யியல் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். அதில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து, உழவர்க்கெல்லாம் மேலான உழவன் என்னும் கருத்துப்படப் பேசும் பகுதியைத் தமிழாசிரியர் அறிவர். அறிவியலும் இலக்கியமும் ஒரு சிற்றுயிரின்முன் ஒருங்கே தலைவணங்கிய காலம் அது.

அப்புழுவுக்கு நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர் சருகோடு பாலித்தீன் துகளைக் கலந்து உணவாக இட்டனர். 2016இல் வெளியான முடிவு இது: உணவில் நெகிழியின் பங்கு 28 விழுக்காடும் அதற்கு மேலும் ஆனபோது, 60 நாள்களில் புழுக்களின் வளர்ச்சி குன்றியது, இறப்பு மிகுந்தது. 7 விழுக்காட்டில் இறப்பு அவ்வாறு மிகவில்லை. இவ்வளவு மிகுதியான நெகிழி இன்றைய வயல்களில் இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எனவே மண்புழுக்கள் நெகிழியால் அழிந்துகொண்டிருக்கின்றன என்று இவ்வாய்வைக் காட்டி எழுதுவது மிகையாகும். நம் கருத்தில் அவ்வாய்வு வரிசையின் பெரும்பேறு இறப்புக் கணக்கில் இல்லை. புழுக்கள் மேற்பரப்பிலிருந்த துகள்களை விழுங்கியும் உடலில் ஒட்டியும் தம் வளைகளுக்குள் கொண்டு சென்றன; சிறிய துகள்களே மிகுதியும் ஆழம் சென்றன. எருவைக் கீழே இறக்கிச் சமன்செய்யும் அதே உழைப்பு, நெகிழியையும் கீழே இறக்குகிறது. மேற்பரப்பைச் சுரண்டித் துப்புரவு செய்துவிடலாம் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லாது போகிறது.

வேருக்குள் நுழையுமா என்பது பலரும் கேட்பது. ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுழையக்கூடும். கோதுமையிலும் இலைக்கோசிலும் 0.2 மைக்ரோமீட்டர் அளவுள்ள மணிகள், பக்கவேர் முளைத்து வெளிவரும் இடத்தில் தோன்றும் சிறு வெடிப்பு வழியே புகுந்து, நீரோட்டத்தோடு தண்டை நோக்கி ஏறியதைச் சீன ஆய்வாளர் 2020இல் காட்டினர். அது ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. நம் தட்டிலுள்ள கீரையில் எவ்வளவு என்பது அதிலிருந்து கிடைக்கும் விடையன்று.

நன்மையின் வழியே வருவன

படல மூடாக்கு ஒரு வாயில் மட்டுமே. பிற வாயில்களை நோக்கும்போது வியப்பு மேலிடுகிறது. அவற்றுட் பல நற்செயலின் பெயராலேயே திறந்தவை. நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்கள், துணி துவைக்கும்போது கழன்ற இழைகளில் பெரும்பகுதியை நீரிலிருந்து பிரித்துவிடுகின்றன. ஆறு தூய்மையாகிறது. பிரிந்தவை கசட்டில் தங்குகின்றன. அக்கசடு சத்துமிக்க எருவென்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வயலுக்குப் போகிறது. இவ்வழியே ஐரோப்பிய வயல்களைச் சேரும் நுண்ணெகிழி ஆண்டுக்கு 63,000 முதல் 4,30,000 டன் வரை இருக்கலாம் என 2016இல் மதிப்பிட்டனர். மதிப்பீட்டின் இரு முனைகளும் இவ்வளவு விலகி நிற்பதே அத்துறையின் இளமையைக் காட்டும். சிங்கப்பூரில் இக்கசடு எரிக்கப்படுவதால் அவ்வாயில் அங்கு மூடியிருக்கிறது.

இன்னொன்று உறையிட்ட உரம். சத்து மெல்ல மெல்லக் கசியும்படி உரமணிக்கு நெகிழி உறை இடுவர். உரம் வீணாவது குறையும்; ஆற்றில் கலப்பதும் குறையும். ஆனால் உரம் கரைந்தபின் வெற்றுறை வயலில் மிதக்கும். யப்பானின் நெல்வயல்களில் இவ்வெற்றுறைகள் நீரோடு வழிந்து கடற்கரைவரை சென்றன. 2030க்குள் நெகிழி உறை உரத்தைச் சாராத வேளாண்மையை அடைவதென அந்நாட்டு உர அமைப்புகள் இலக்கு வகுத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உர ஒழுங்குமுறை, மக்காத உறைகளுக்கு 2026ஐ எல்லையாக்கியது.

இங்கே சொற்பிரச்சினை மீண்டும் தலைதூக்குகிறது. மண்ணில் தானே மறைந்துவிடும் படலம் என்ற விளம்பரத்தோடு இருவேறு பொருள்கள் விற்பனைக்கு வந்தன. ஒன்று, வழக்கமான பாலித்தீனில் உலோக உப்புகளைச் சேர்த்து விரைவில் நொறுங்கச் செய்தது. அது மறைவது கண்ணுக்கு மட்டுமே. நொறுங்குவதை விரைவுபடுத்துவது நுண்ணெகிழி ஆக்கத்தை விரைவுபடுத்துவதே ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 சூலையிலிருந்து இவ்வகைப் பொருள்களைத் தடைசெய்தது. மற்றொன்று, நுண்ணுயிர்கள் செரிக்கக்கூடிய பிணைப்புகளைக் கொண்டே அமைத்த படலம். 2018இல் வந்த ஐரோப்பியத் தரநிலை, இத்தகைய மூடாக்குப் படலத்தின் கார்பனில் 90 விழுக்காடு ஈராண்டுக்குள் கார்பன் டை ஆக்சைடாக மாறுவதை மண்ணில் வைத்துச் சோதித்துக் காட்டவேண்டும் என்கிறது. முதலாவது உடைவது, இரண்டாவது மக்குவது. இரண்டையும் 'சிதையக்கூடியது' என்ற ஒரே தமிழ்ச்சொல்லால் மொழிபெயர்த்து உறையில் அச்சிட்டால், வாங்கும் உழவர்க்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை. கலைச்சொல்லாக்கம் அறைக்குள் நடக்கும் விளையாட்டு என எண்ணுவோர் இவ்வோர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். உடையும் நெகிழி, மக்கும் நெகிழி என்று நேரே எழுதிவிடுவதே போதும் என்பது நம் பரிந்துரை. மக்கும் படலமும் ஆய்வுக்கூடத்துச் சீரான வெப்பத்தில் காட்டும் விரைவை ஒவ்வொரு வயலிலும் காட்டாது; விலையும் மிகுதி. அதுவே முழு விடை என்று நாம் கூற முற்படவில்லை.

தடித்த படலத்தை இட்டு முழுமையாகச் சுருட்டி எடுப்பது உடனே செய்யக்கூடியது. அதற்கு உழவர்க்கு விலை உதவியும், எடுத்ததைக் கொண்டு சேர்க்க ஓரிடமும் வேண்டும். பழைய மூடாக்குகளும் மறைந்துவிடவில்லை. நம் செம்பனைத் தோட்டங்களில், பழம் உதிர்த்தபின் எஞ்சும் வெறுங்குலைகளை மரத்தடியில் பரப்புவது இன்றும் வழக்கம். அவை ஈரத்தைக் காத்து, மக்கி, சாம்பல்சத்தைத் தந்துவிட்டுப் போகின்றன. இரப்பர் வரிசைகளுக்கிடையே அவரையினக் கொடிகளைப் படரவிட்டு மண்ணைப் போர்த்திய முறையைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த தமிழர் நன்கறிவர். மிளகாய்ப் பாத்திக்கு வெறுங்குலை ஒத்துவருமா, ஆட்கூலி கட்டுப்படியாகுமா என்பன உழவரே விடை கூறவேண்டியவை.

வகுப்பறையில் செய்து பார்க்க

மேனிலை மாணவர்கள் பெருஞ்செலவின்றி இதனைச் சோதிக்கலாம். கண்ணாடிப் புட்டி ஒன்றில் 100 மில்லிலிட்டர் நீருக்கு 36 கிராம் வீதம் சமையல் உப்பைக் கரைத்தால், மேலும் கரையாத நிலையை எட்டும். அக்கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. பாலித்தீனும் பாலிப்புரோப்பிலீனும் நீரினும் இலேசானவை; ஆகவே நன்கு மிதக்கும். உலர்த்திய தோட்டமண் இரு கரண்டி இட்டுக் கிளறி, ஓர் இரவு அசைக்காமல் வைக்கவேண்டும். மறுநாள் மேல்நீரை மட்டும் காப்பி வடிதாளில் ஊற்றி வடித்து, தாளை உருப்பெருக்கியின்கீழ் நோக்கலாம். சல்லிவேரும் உமியும் சேர்ந்தே மிதக்கும். ஐயமுள்ள துண்டை ஆசிரியர் சூடான ஊசி நுனியால் தொட்டுப் பார்க்கட்டும்: நெகிழியெனில் சுருங்கும் அல்லது உருகும், தாவர இழை உருகாது. பாலியஸ்டரும் பிவிசியும் இக்கரைசலில் மூழ்கிவிடும் என்பதால், எண்ணிக் கிடைப்பது உள்ளதில் ஒரு பகுதியே என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்லவேண்டும்.

படலத் துண்டு, இழை, மணி என மூன்று பத்திகளில் பதிவு செய்தால் அவை எவ்வாயில் வழியே வந்திருக்கும் என்று மாணவரே வழக்காடத் தொடங்குவர். மண் இடாத உப்புக்கரைசல் புட்டி ஒன்றையும் அருகிலேயே திறந்து வைத்து, அதே முறையில் வடித்து எண்ணுவது இன்றியமையாதது. அதிலும் சில இழைகள் தென்படும். அவை வகுப்பறைக் காற்றிலிருந்தும் மாணவர்களின் சீருடையிலிருந்தும் வீழ்ந்தவை. அவ்வெண்ணிக்கையைக் கழித்த பின்னரே மண்ணின் கணக்கு.